கேடயத்தில் ஒரு பச்சை நண்டு

“பொண்ணு வீட்டுக் கேடயத்துல என்னத்தை எழுதுறது?”

மர்க்கெசினா அம்மாள் இப்படிக் கேட்டதும் பட்டறையில் அரம் தேய்க்கிற சத்தம் நின்றது. கேள்வி ஓர்சாவுக்குத்தான். பெட்டி மூடியில் சின்னம் எழுதுகிறவள் அவள். ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திற என்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தூரிகையைத் துடைப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பட்டறையில் செய்கிற கல்யாணப் பெட்டிகள் ஒவ்வொன்றின் மூடியிலும் சிறகு முளைத்த இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளை, சிறகு, கேடயம் எல்லாம் ஒரே எலும்புத் தகட்டில் செதுக்கியது. யார் வாங்கப் போகிறார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால் கேடயங்கள் வெறுமையாகவே இருக்கும். இரு வீட்டாரும் கைகோத்துக் கல்யாணத்தை உறுதி செய்த பிறகு, இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுச் சின்னத்தையும் வலப்பக்கம் பெண் வீட்டுச் சின்னத்தையும் ஓர்சா எழுதித் தருவாள். சிங்கம், கோபுரம், ஏணி, மீன் என்று எழுதாத சின்னமில்லை. மர்க்கெசினா அம்மாளின் வீட்டுக்கு மூன்று கிராம்பு. கப்பலில் வரும் மசாலாச் சரக்கை வாங்கி விற்றுப் பெருத்த குடும்பம்.

எலும்பு அறுக்கிறவர்களுக்கு ஏது சின்னம்?

“மாட்டுத் தொடை எலும்பு ஒண்ணை எழுதிடலாம் அம்மா. அதுதானே எங்களுக்குச் சோறு போடுது” என்றார் ஓர்சாவின் அப்பா பொர்த்தோலோ. பட்டறையே சிரித்தது. மர்க்கெசினா அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“யோசிச்சு வைங்க. வெறுமையா மட்டும் அனுப்பாதீங்க. ஊர் சிரிக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்தபடி எலும்புத் தூள்மேல் கால் படாமல் நடந்து போய்ப் படகில் ஏறினாள்.

கல்யாணப் பெண் ஓர்சாவின் தங்கை சனேத்தா. மர்க்கெசினா அம்மாளின் மகன் அல்வீசே யாரோ உறவுக்காரனுக்குப் பெட்டி வாங்க வந்தவன். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு சாம்பல் காரத் தண்ணீரில் எலும்பு கழுவிக்கொண்டிருந்த சனேத்தாவைப் பார்த்தான். மறுநாள் கீல் இறுக்கமாக இருக்கிறது என்று வந்தான். அடுத்த வாரம் கீல் தளர்ந்துவிட்டது என்று வந்தான். “இந்த ஊர்லயே அந்த ஒரு பெட்டிக்குத்தான் நான் இத்தனை தடவை கீல் மாத்தியிருக்கேன். கடைசியில பொண்ணையே கழட்டிக் குடுக்க வேண்டியதாப் போச்சு” என்று பொர்த்தோலோ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று மத்தியானம் அக்காவும் தங்கையும் மொட்டை மாடி மரப்பலகையில் எலும்புத் துண்டுகளை வெயிலுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, நண்டு எழுது” என்றாள் சனேத்தா.

“என்னது?”

“நண்டுக்கா. நம்ம காயல்ல ஓடுமே, பச்சையா. அதுதான்.”

“பைத்தியமாடி உனக்கு? அவங்க வீட்டுல கிராம்பு, உன் பக்கம் நண்டு. பார்க்கிறவங்க பெட்டியைத் திறந்து உள்ள குழம்பு இருக்கான்னு தேடுவாங்க.”

சனேத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஓர்சாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு சொன்னாள். “பெரிய வீட்டுக்காரங்க எவனோ ஒரு தாத்தா சிங்கத்தைக் கொன்னான்னு சிங்கத்தை வெச்சிருக்காங்க. நான் எத்தனை நண்டைத் தின்னு தீர்த்திருக்கேன். எனக்கு உரிமை இல்லையா?”

ஓர்சாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தங்கையிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும், சிரிப்பும் வரும்.

சின்னம் எழுதுவதற்கு முன் கேடயத்தில் முட்டையின் வெள்ளைக் கருவை மெல்லிசாகப் பூசிக் காயவிடுவது பட்டறை வழக்கம். வர்ணம் மினுமினுப்பாக நிற்கும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்வார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு வேறு காரணம் தெரியும். கல்யாணப் பெட்டிகள் திரும்பி வரும். பேச்சு முறிந்து வரும், பெண் செத்து வரும். மாப்பிள்ளைக்கு இன்னொரு இடம் அமைந்ததும், அவன் பக்கம் அப்படியே இருக்கட்டும், பெண் பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்பார்கள். வெள்ளைக் கருவின் மேல் நிற்கிற வர்ணத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும், எலும்பு பிறந்த மேனியாக வெளுத்துவிடும். எத்தனையோ பெண்களை ஓர்சா அப்படித் துடைத்திருக்கிறாள். துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். யார் பெற்ற பெண்ணோ, முகம் தெரியாதவர்கள்.

சனேத்தாவின் கேடயத்துக்கு அவள் முட்டையை உடைக்கவில்லை. வர்ணக் கிண்ணத்தையும் தொடவில்லை. பெட்டியின் ஓரப் பட்டைகளுக்குச் சாயம் ஏற்றுகிற பச்சையை எடுத்தாள். செம்புக் களிம்பைக் காடியில் ஊற வைத்து எடுக்கிற சாயம் அது. எலும்புக்குள் இறங்கினால் இறங்கினதுதான். மெல்லிய தூரிகையால் வெற்று எலும்பின்மேல் நண்டை எழுதினாள். எட்டுக் காலும் இரண்டு கொடுக்குமாக அது ஊறி ஊறி உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பெட்டி திரும்பி வராது என்று அவளுக்கு அத்தனை நிச்சயம். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கல்யாண வீட்டில் மர்க்கெசினா அம்மாள் மூடியைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். “நண்டா? சரி, காலாவது ஒழுங்கா இருக்கே” என்றாள். அல்வீசே மட்டும் அந்த நண்டைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

மகள் சீலியா பிறந்த கையோடு சனேத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஓர்சா போனபோது உதடெல்லாம் வெடித்துக் கிடந்தாள். ஒயினில் நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிட்டதும் கண்ணைத் திறந்தாள்.

“அக்கா, இப்ப நண்டு கிடைக்குமா?”

“இந்தக் குளிர்ல ஏதுடி? வசந்தம் வரட்டும். ஓடு உரிச்ச இளசா வாங்கிப் பொரிச்சுத் தரேன்.”

“மாவு ரொம்பப் போடாதே” என்றாள் சனேத்தா. ஓர்சாவிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

புதைத்துவிட்டு வந்த அன்று அல்வீசே படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். “மதினி, சீலியாவுக்கு இனிமே நீங்கதான். எப்ப வேணும்னாலும் வாங்க. இது உங்க வீடு” என்றான். ஓர்சா அவன் தலையில் கை வைத்தாள்.

பால் கொடுக்கிற தாதியிடமிருந்து குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓர்சா ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விட்டதில்லை. பூசை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவாள். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அந்தக் குழந்தையிடம் ஓயாமல் பேசுவாள். உங்கம்மா இப்படித்தான் மூக்கைச் சுருக்குவாள், உங்கம்மா இப்படித்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்வாள், உங்கம்மாவுக்குப் பாட்டு வராது, ஆனால் பாடுவதை நிறுத்தமாட்டாள். அந்த வீட்டில் சனேத்தாவின் பேச்சை எடுக்கிறவர் வேறு யாருமில்லை. அல்வீசே அந்த நேரம் கிடங்குக்குப் போய்விடுவான்.

பெரியம்மா என்று சொல்ல வராமல் குழந்தை ‘பெம்மா’ என்று கூப்பிடும். படகுத்துறையில் ஓர்சாவின் தலை தெரிந்தால் போதும், “பெம்மா வா! பெம்மா வா!” என்று மாடியிலிருந்து கத்தும். மடியில் ஏறி, வர்ணம் ஏறிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். “இது பச்சை, இது சிவப்பு, இது அழுக்கு” என்று சொல்லும். ஓர்சாவுக்கு வாரம் என்பதே அந்த ஒரு மத்தியானம்தான். மற்ற நாளெல்லாம் அதற்கு வழி.

பெட்டி திரும்பி வந்தது நோன்புக்கு முந்தின கார்னிவல் கொண்டாட்டம் முடிகிற சமயத்தில். படகுக்காரன் தலையில் வைத்துத் தூக்கி வந்தான். பின்னால் மர்க்கெசினா அம்மாள்.

“அல்வீசேவுக்கு இடம் அமைஞ்சிருக்கு. முரானோத் தீவுல கண்ணாடிச் சூளைக்காரங்க. பொண்ணு பேரு கிறிஸ்தீனா. ஈஸ்டர் கழிஞ்சு கல்யாணம். பொண்ணு பக்கம் நீலப் புட்டி எழுதணும்” என்றாள்.

பொர்த்தோலோ உளியைக் கீழே வைத்தார். “அம்மா, புதுசாவே ஒண்ணு எடுத்துக்கலாமே. நல்ல பெட்டி நாலஞ்சு நிக்குது.”

“உன் சரக்கு நல்ல சரக்கு பொர்த்தோலோ. ஒரு கீறல் இல்ல பாரு. இருக்கிறதை மூலையில போட்டுட்டு இன்னொண்ணு வாங்க நான் என்ன துருக்கி ராஜாவா? எல்லா வீட்டுலயும் செய்யறதுதானே.”

எல்லா வீட்டிலும் செய்வதுதான். பொர்த்தோலோ உளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

மர்க்கெசினா அம்மாள் ஓர்சாவின் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “பாரு பொண்ணே. எனக்கு மட்டும் ஆசையா? அந்தப் பொண்ணோட அம்மா சொல்றா, செத்தவ அடையாளத்துக்குக் கீழ எம்பொண்ணு நகை வைக்கமாட்டா, கண்ணு படும், வயித்துல தங்காதுன்னு. அதைத் தப்புன்னு சொல்ல முடியுமா? ஞாயித்துக்கிழமையானா செத்தவ அக்கா வந்து உட்கார்ந்துக்கறாளாமேன்னும் கேட்டா. அதை நான் பார்த்துக்கறேன்னு வாயை அடைச்சுட்டு வந்திருக்கேன். நீ இதைச் சுத்தமா முடிச்சுக் குடு. கல்யாணம் முடியற வரைக்கும் வராம இரு. அப்புறம் வா.”

“எப்பவும் போலவா அம்மா?” என்று கேட்டாள் ஓர்சா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“எப்பவும் போலத்தான். யாரு உன்னை வேண்டாம்னா? நீ இதைச் செய்ய மாட்டேன்னு மல்லுக்கு நின்னாத்தான் எனக்குச் சங்கடம். அப்புறம் நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

ஓர்சா தலையாட்டினாள். எலும்பா, குழந்தையா என்று கேட்டால் யார்தான் எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? நண்டு போனால் போகட்டும். சீலியா இருக்கிறாள். மூக்கைச் சுருக்குகிறாள். செருப்பை மாற்றிப் போடுகிறாள்.

மறுநாள் ஈரத் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது போகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

பொர்த்தோலோ பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். கேடயத்தை நகத்தால் சுரண்டினார்.

“ஏ புள்ள, இது வர்ணம் இல்லையே. சாயமில்ல போட்டிருக்கே?”

ஓர்சா துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

“முட்டை பூசலையா?”

“இல்லப்பா.”

“ஏன்? சின்ன வயசுல இருந்து செய்யற வேலை. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்ப்பா.”

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தவர், மகள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பி, மாட்டியிருந்த ரம்பங்களை எடுத்து மறுபடி அதே ஆணிகளில் மாட்டினார். பெற்றவர் அவர். தன் பெண்ணின் பெட்டி திரும்பி வராது என்று அவரும்தானே நம்பியிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, “தகட்டையே பேர்த்துட்டுப் புதுசு வைக்கலாம்னா, சுத்தி இருக்கிற பட்டையெல்லாம் நொறுங்கிடும். சுரண்டித்தான் ஆகணும். நான் சுரண்டறேன், நீ மேல போ” என்றார்.

“வேண்டாம்ப்பா. வேற யாரும் தொட வேண்டாம்.”

குறுகிய கத்தியை எடுத்து அவளே ஆரம்பித்தாள். முதலில் கால்கள் போயின. மெல்லிய கோடுகள், சீக்கிரம் போய்விட்டன. பிறகு கொடுக்குகள். பச்சைத் தூள் விரலிலும் மடியிலும் உதிர்ந்தது. உடம்பு மட்டும் போகவில்லை. சுரண்டச் சுரண்ட இன்னும் கீழே பச்சை இருந்தது. கேடயம் வெற்றிலை போல மெலிந்துவிட்டது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் ஓட்டை விழும். நண்டு என்று யாரும் சொல்ல முடியாத ஒரு பச்சைக் கறை மட்டும் நின்றது.

“போதும் விடு. வெள்ளை ஈயப் பூச்சை ரெண்டு தரம் போட்டு மூடிட்டு மேல எழுது” என்றார் பொர்த்தோலோ.

“நாளாக ஆகப் பச்சை மேல தெரியுமேப்பா.”

“தெரியட்டும். கேட்டா எலும்பு அப்படின்னு சொல்லிக்கலாம்.”

வெள்ளை ஈயத்தைப் பூசினாள். காய்ந்ததும் மறுபடி பூசினாள். அதன்மேல் நீலப் புட்டியை எழுதினாள். வடிவான புட்டி. கழுத்தில் ஒளி விழுகிற இடத்தில் வெள்ளைப் புள்ளிகூட வைத்தாள். வேலையில் குறை சொல்ல இடம் வைத்தால் அதைச் சாக்காகச் சொல்லிக் குழந்தையிடம் விடமாட்டார்களோ என்று பயம். படகுக்காரன் வந்து பெட்டியை எடுத்துப் போனான்.

அந்த நோன்புக் காலம் நகரவே மாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் கோயிலிலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போனால் மத்தியானம் என்ன செய்வது என்று தெரியாது. எலும்புத் துண்டு ஒன்றை எடுத்துக் குழந்தைக்கு ஒரு சின்னப் படகு செதுக்கினாள். அவள் செதுக்குகிறவள் இல்லை. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பொர்த்தோலோ பார்த்துவிட்டு, “காத்து பலமா அடிக்குது போல” என்றார். திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

ஈஸ்டர் வந்தது, கல்யாணமும் நடந்தது. கூப்பிட்டவர்கள் பட்டியலில் எலும்புப் பட்டறை இல்லை. அதை ஓர்சா எதிர்பார்க்கவுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, விரல்களைச் சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனாள்.

துறையில் இறங்கியதும் மாடியைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. வெயில் வருகிறது, சாத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மர்க்கெசினா அம்மாள் சாய்வு நாற்காலியில் இருந்தாள். ஜன்னலோரம் அல்வீசே புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான். நடுவில், கண்ணும் முகமுமாகச் சிரிக்கிற சின்னப் பெண் ஒருத்தி. கிறிஸ்தீனா. அவள் மடியில் சீலியா. தலையைப் படிய வாரிப் பின்னி முத்து வைத்திருந்தார்கள். காலில் புதுச் செருப்பு, சரியாகப் போட்டிருந்தது.

“வா வா” என்றாள் மர்க்கெசினா அம்மாள். “கிறிஸ்தீனா, நான் சொன்னேனே, பெட்டி செஞ்ச பட்டறைக்காரம்மா. நம்ம வீட்டுக்கு ரொம்ப நாளாப் பழக்கம். அப்பப்ப வந்து போவா.”

கிறிஸ்தீனா குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். “நீங்கதான் எழுதினீங்களா? எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா! எங்கப்பா பார்த்துட்டு, நான் ஊதற புட்டியைவிட இது நல்லாருக்கேன்னார். உட்காருங்க, பாதாம் அப்பம் இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்றேன்.” அந்தப் பெண்ணின் பேச்சில் ஒரு துளி விஷமில்லை. அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஓர்சாவுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. செத்தவளின் அக்கா வருவது நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வந்திருப்பது பட்டறைக்காரி.

ஓர்சா மண்டியிட்டுக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் அந்தச் சாய்ந்த படகு. “சீலியா, இங்க வா கண்ணு.”

குழந்தை அவளைப் பார்த்தது. தெரிந்த முகம்தான் என்பது போல ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு திரும்பி மர்க்கெசினா அம்மாளைப் பார்த்தது.

“சொல்லு. சொல்லிக் குடுத்தேன்ல, எப்படிச் சொல்லணும்?”

சீலியா கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடித்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது. “வாங்க பட்டறைக்காரம்மா.”

“அய்யோ, எவ்வளவு மரியாதை பாரு என் செல்லத்துக்கு!” என்று கிறிஸ்தீனா கைதட்டினாள்.

வா என்று கத்திய குழந்தை வாங்க என்றது. ஓர்சாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. குழந்தை வந்து படகை எடுத்துக்கொண்டு, “நன்றிங்க” என்றது. அவள் விரல்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. கிறிஸ்தீனாவின் பாவாடை மடிப்பில் படகை ஓட்டப் போய்விட்டது.

மர்க்கெசினா அம்மாள் சொன்ன சொல்லில் பிழையில்லை. வரலாம். எப்பவும் போல, எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வரலாம். நாற்காலி போடுவார்கள், அப்பம் தருவார்கள். உங்கம்மா என்று மட்டும் தொடங்க முடியாது. சனேத்தாவுக்குப் பாட்டு வராது என்பதை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லப் போவதில்லை. இந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகி, தனக்கு மூக்கைச் சுருக்குகிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே இருக்கும்.

ஓர்சா எழுந்தாள். அந்த வீட்டில் அவள் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. எந்த வீட்டிலும் பேசியதில்லை. நேரே ஜன்னலைப் பார்த்தாள்.

“தம்பி.”

அல்வீசே திரும்பினான்.

“நான் யாருன்னு சீலியாவுக்குச் சொல்லு.”

கிறிஸ்தீனா சிரித்த முகத்தோடு ஓர்சாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. மர்க்கெசினா அம்மாள், “என்ன பொண்ணே இது, நல்ல நாளும் அதுவுமா” என்று தொடங்கினாள். ஓர்சா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

“ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும் தம்பி. அவ மறந்தாலும் மறந்துட்டுப் போகட்டும். உன் வாயால ஒரு தடவை சொல்லு.”

அல்வீசே வாயைத் திறந்தான். கண் நிறைந்துவிட்டது. அது ஓர்சாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான், புது மனைவியைப் பார்த்தான், தரையில் படகு ஓட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். பிறகு மேசைமேல் இருந்த தொப்பியை எடுத்தான். அதை இரண்டு கையாலும் ஒருமுறை சுற்றினான்.

தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.